நார்ச்சத்து ரத்தத்துக்குள் போகாது... ஆனாலும் இருதயத்தைக் காக்கும்!

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வருகிறது. ‘எல்.டி.எல். 160’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு அடிக்கோடு. உடனே வீட்டில் என்ன நடக்கும்? முட்டை நிற்கும். தேங்காய்ச் சட்னி நிற்கும். எண்ணெய் மாறும். ‘இதைக் குடிச்சா ஒரே வாரத்துல அடைப்பு கரைஞ்சிடும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு அடுப்பில் ஒரு கஷாயம் ஏறும்.

எதை நிறுத்தலாம் என்று இவ்வளவு யோசிக்கிறோமே, எதைச் சேர்க்கலாம் என்று யோசிக்கிறோமா? இல்லை. அப்படிச் சேர்க்க வேண்டிய பொருள் ஒன்று இருக்கிறது. அதற்காகக் கடைக்குப் போய் டப்பா வாங்க வேண்டாம். நம் வீட்டில் தவிடாக, தோலாக, சக்கையாகக் குப்பைக்குப் போகிறதே, அதுதான். நார்ச்சத்து!

‘அது மலச்சிக்கலுக்குத்தானே டாக்டர்?’ என்று சிலர் கேட்பார்கள். இன்னும் சிலர், ‘நார்ச்சத்து ரத்தக் குழாயில் இருக்கிற கொழுப்பைத் துடைப்பம் மாதிரி கூட்டித் தள்ளிவிடுமாமே!’ என்பார்கள். முதல் கூட்டத்தார் குறைத்துச் சொல்கிறார்கள். இரண்டாவது கூட்டத்தார் கூட்டிச் சொல்கிறார்கள். உண்மை நடுவில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

அடைப்பு என்பது வண்டல் அல்ல

தேனி, கம்பம் பக்கத்துக்காரர்களுக்கு வாய்க்காலைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1895-இல் பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்ததிலிருந்து வாய்க்காலோடுதான் வாழ்க்கை. அதனால் ‘ரத்தக் குழாயில் அடைப்பு’ என்றதும், வாய்க்காலில் வண்டல் படிவது போல ஒரு படம் மனதில் வந்துவிடுகிறது. வண்டலை மண்வெட்டியால் அள்ளிப் போடலாமே, அதுபோல ஏதோ ஒரு மருந்து கொழுப்பை அள்ளிப் போட்டுவிடும் என்று நினைக்கிறோம்.

ஆனால் நடப்பது அதுவல்ல. கொழுப்பு குழாயின் நடுவில் படிவதில்லை. குழாயின் சுவருக்கு உள்ளே புகுந்து தங்குகிறது. ரத்தத்தில் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு அதிக காலம் அதிக அளவில் ஓடிக்கொண்டிருந்தால், அது குழாயின் உட்தோலைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கே அழற்சி உண்டாகிறது. வருஷக்கணக்கில் அந்த இடம் புடைக்கிறது. வாய்க்கால் கரைக்குள் எலி வளை பறித்த மாதிரி! வெளியே பார்த்தால் கரை நன்றாகத்தான் இருக்கும். ஒருநாள் உடையும். அந்தப் புடைப்பு உடைந்தால் ரத்தம் அங்கே உறைந்து குழாயை மூடிவிடுகிறது. அதுதான் மாரடைப்பு. மூளையில் நடந்தால் பக்கவாதம்.

நார்ச்சத்தை நம் குடலால் ஜீரணிக்க முடியாது. அது ரத்தத்துக்குள் போவதே இல்லை. வாயில் நுழைந்து, குடல் வழியாகப் போய், வெளியேறிவிடுகிறது. பெருங்குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் மட்டும் அதில் ஒரு பகுதியைத் தின்னும். அப்படியிருக்க, அது எப்படி இருதயக் குழாயைப் போய்ச் சுத்தம் செய்யும்? செய்யாது.

‘அப்புறம் எதற்கு டாக்டர் நார்ச்சத்து?’ என்கிறீர்களா? இங்கேதான் விஷயமே இருக்கிறது. அது வேலை செய்யும் இடம் குடல். பலன் கிடைக்கும் இடம் ரத்தக் குழாய். நடுவில் இருந்து கணக்கைச் சரிக்கட்டுவது கல்லீரல்.

காலிப் பெட்டி கணக்கு

நம் உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும் பகுதியை உடம்பே தயாரிக்கிறது. அதில் கல்லீரலுக்குப் பெரிய பங்கு. அந்தக் கொலஸ்ட்ராலைக் கொண்டுதான் கல்லீரல் பித்தநீரைச் செய்கிறது. (வாதம், பித்தம், ஐயம் என்று நாங்கள் நாடி பார்த்துச் சொல்கிறோமே, அந்தப் பித்தம் வேறு. இது சாப்பாட்டில் உள்ள எண்ணெயைக் கரைப்பதற்காகக் குடலில் வந்து விழும் நீர்.)

வேலை முடிந்ததும் இந்தப் பித்தநீரின் உப்புகள் வீணாவதில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் சுமார் 95 சதவிகிதம் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பிவிடும். கம்பத்திலிருந்து திராட்சை ஏற்றிப் போன பெட்டிகள் காலியாகத் திரும்பி வருகின்றன அல்லவா, அதைப் போல. பெட்டி திரும்பி வந்துகொண்டே இருந்தால் வியாபாரி புதுப் பெட்டி வாங்குவாரா?

இப்போது நார்ச்சத்தைச் சேர்த்துப் பாருங்கள். சில வகை நார் தண்ணீரில் ஊறிக் கொழகொழவென்று ஆகும். வெந்தயத்தை ராத்திரி ஊறப்போட்டு காலையில் தொட்டுப் பார்த்தால் தெரியுமே, அந்தக் கொழகொழப்பு! அது பித்த உப்புகளைப் பிடித்து வைத்துக்கொண்டு மலத்தோடு வெளியே கொண்டுபோய்விடுகிறது. பெட்டி திரும்பவில்லை. கல்லீரல் என்ன செய்யும்? புதுப் பெட்டி செய்தாக வேண்டும். அதற்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கிறது. இப்படி இழுப்பதற்கென்றே கல்லீரல் செல்களின் மேல் ‘கொக்கிகள்’ இருக்கின்றன. இந்தக் கொக்கிகளைக் கண்டுபிடித்ததற்காகத்தான் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1985-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

ஆக, நார்ச்சத்து ரத்தக் குழாயைக் கழுவுவதில்லை. குழாய்ச் சுவருக்குள் புகக் காத்திருக்கும் எல்.டி.எல்.லின் அளவைக் குறைக்கிறது. எலி குறைந்தால் வளையும் குறையும்!

எல்லா நாரும் ஒன்றல்ல

நாரில் இரண்டு ஜாதி. ஒன்று தண்ணீரில் கரைந்து கொழகொழப்பாகும் நார். வெந்தயம், பயறு வகைகள், பருப்பு, வெண்டைக்காய், கொய்யா, ஆரஞ்சு, ஓட்ஸ், பார்லி, இசப்கோல் ஆகியவற்றில் இது கணிசமாக உண்டு. கொலஸ்ட்ராலைக் குறைப்பது பெரும்பாலும் இந்த வகைதான்.

மற்றது கரையாத நார். கோதுமைத் தவிடு, தானியங்களின் மேல்தோல், கீரைத் தண்டு இவற்றில் அதிகம். இது மலத்தை இளக்கும். வயிறு நிறைந்த உணர்வைத் தரும். ஆனால் கொலஸ்ட்ராலை நேரடியாக அதிகம் குறைக்காது. ‘தினமும் கோதுமைத் தவிட்டைக் கரைச்சுக் குடிக்கிறேன், கொலஸ்ட்ரால் இறங்கவே இல்லையே?’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கடவுள் புண்ணியத்தில் நம் பயறுகளிலும் காய்களிலும் இரண்டுமே கலந்துதான் இருக்கின்றன.

எவ்வளவு குறையும்? உள்ளதைச் சொல்கிறேன்

1999-இல் 67 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கணக்குப் பார்த்தார்கள். கரையும் நார் தினம் ஒரு கிராம் கூடினால் எல்.டி.எல். சுமார் 2 மி.கி. இறங்குகிறது. அப்படியானால் தினம் 5 கிராம் கூடுதலாகச் சேர்த்தால் 10 மி.கி. போல இறங்கும். 160 இருந்தவருக்கு 150 ஆகும்.

‘இவ்வளவுதானா?’ என்று முகம் சுளிக்காதீர்கள். இது மாத்திரை இல்லாமல், செலவு இல்லாமல், ஆயுள் பூராவும் கிடைக்கிற லாபம். சின்ன வட்டிதான், ஆனால் முப்பது வருஷத்துக்குச் சேர்ந்தால்?

அதோடு, நார்ச்சத்து கொலஸ்ட்ராலை மட்டும் தொடுவதில்லை. சாப்பிட்டபின் சர்க்கரை விறுவிறுவென ஏறுவதைத் தடுக்கிறது. சீக்கிரம் பசிக்காததால் எடையும் கட்டுக்குள் நிற்கிறது. அதனால்தான் மொத்த லாபம் பெரிதாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்துக்காக நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகக் குழு தொகுத்து 2019-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், நார்ச்சத்தை மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட அதிகம் சாப்பிட்டவர்களிடம் இருதய நோய் மரணங்களும் மொத்த மரணங்களும் 15 முதல் 30 சதவிகிதம் குறைவாக இருந்தன. தினம் 25 முதல் 29 கிராம் சாப்பிட்டவர்களிடம் நல்ல பலன் தெரிந்தது. 2023-இல் உலக சுகாதார நிறுவனமும் பெரியவர்களுக்குத் தினம் குறைந்தது 25 கிராம் என்று சொல்லிவிட்டது.

‘அதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு’ என்பீர்கள். நம் சென்னைக்கே வருவோம். டாக்டர் வி. மோகன் குழுவினர் நகரத்தில் நடத்திய ‘க்யூர்ஸ்’ ஆய்வில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளின் சாப்பாட்டைக் கணக்கெடுத்தார்கள். 2014-இல் முடிவு வெளிவந்தது. தினம் 29 கிராமுக்குக் குறைவாக நார்ச்சத்து சாப்பிட்டவர்களில் 100-க்கு சுமார் 50 பேருக்கு கொலஸ்ட்ரால் அதிகம். அதற்கு மேல் சாப்பிட்டவர்களில் 100-க்கு சுமார் 40 பேருக்கு. நார் ஒன்றுதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. காய்கறி அதிகம் சாப்பிடுகிறவர் மற்ற விஷயங்களிலும் கவனமாக இருப்பார். ஆனால் மற்ற ஆய்வுகள் காட்டும் திசையிலேயே இதுவும் போகிறது.

பள்ளத்தாக்கில் விளைகிறது... தட்டில் இல்லை!

மேற்கே மலை, கிழக்கே மேகமலை, நடுவில் பச்சைப் பசேல் என்று கம்பம் பள்ளத்தாக்கு. இருபோக நெல், வாழை, தென்னை, திராட்சை. ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் சோளம், கம்பு, பயறு. பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய முருங்கை ரகத்துக்குப் பெயரே பி.கே.எம்.-1. அந்த ‘பி.கே.எம்.’ நம் பெரியகுளம்தான்!

ஆனால் நம் தட்டைப் பாருங்கள். காலையில் நாலு இட்லி. மத்தியானம் ஒரு மலை வெள்ளைச் சோறு, கொஞ்சம் சாம்பார், வெஞ்சனம் என்ற பெயரில் ஒரு கரண்டி உருளைக்கிழங்கு. ராத்திரி தோசை, இல்லையென்றால் பரோட்டா, சால்னா. கூட்டிப் பார்த்தால் 15 கிராம் நார்ச்சத்து தேறுவதே சிரமம்.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட பட்டியலிலிருந்து சிலவற்றைத் தருகிறேன். 100 கிராமில் உள்ள நார்ச்சத்து இது (தானியம், பயறுக்குச் சமைக்காத எடை):

தீட்டிய வெள்ளை அரிசி – சுமார் 3 கிராம்
மைதா – சுமார் 3 கிராம்
சோளம் – 10 கிராம்
கேப்பை – 11 கிராம்
கம்பு – 11 கிராம்
முழு பச்சைப் பயறு – 17 கிராம்
முழு கொண்டைக்கடலை – 25 கிராம்
முருங்கைக்கீரை – 8 கிராம்
கொய்யா – 8 கிராம்

அரிசியை நான் குறை சொல்லவில்லை. அது நம் மண்ணின் அன்னம். தவிட்டை முழுக்கத் தீட்டி எடுத்துவிட்டு, அந்த வெள்ளைச் சோற்றையே மூன்று வேளையும் வயிறு முட்டச் சாப்பிடுவதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. ஆசையாகச் சாப்பிடுங்கள். ஆனால் அதில் நார்ச்சத்து கொஞ்சம்தான். அதையும் பிழிந்து, வடிகட்டி, சீனி போட்டு ஜூஸாக்கினால் நார் சக்கையோடு போச்சு, சர்க்கரைதான் மிச்சம். பழத்தைக் கடித்துத் தின்னுங்கள். நாருக்கு என்றால் திராட்சையைவிட சந்தையில் விற்கும் கொய்யாதான் ராஜா!

ஒரு நாள் சாப்பாடு இப்படி இருக்கட்டும்

காலை: கம்பங்கூழ் அல்லது கேப்பைத் தோசை (மாவு 75 கிராம் அளவு), சின்ன வெங்காயம். சுமார் 8 கிராம்.

மத்தியானம்: வழக்கமாகப் போடும் சோற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். அந்த இடத்தில் இரண்டு கை வெஞ்சனம். ஒன்று கீரை, ஒன்று காய். அவரை, கொத்தவரை, வெண்டை, வாழைத்தண்டு, எதுவானாலும் சரி. சாம்பாரில் பருப்பு தண்ணீராக இல்லாமல் கெட்டியாக இருக்கட்டும். எல்லாம் சேர்த்து 11, 12 கிராம்.

சாயங்காலம்: வடை, பஜ்ஜிக்குப் பதில் ஒரு சின்னக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் (ஊறப்போடும் முன் 30 கிராம்). தோலோடு. 7 கிராம்.

ராத்திரி: சோள தோசை அல்லது கோதுமைச் சப்பாத்தி இரண்டு, பயறு போட்ட கூட்டு. 6 கிராமுக்குக் குறையாது. ஒரு கொய்யாவும் சேர்ந்தால் அன்றைய கணக்கு 30 கிராமைத் தாராளமாகத் தாண்டிவிடும்.

சாமை, குதிரைவாலி வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். பளீர் வெள்ளையாக இருந்தால் அதையும் நெல்லைப் போலவே தீட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கொஞ்சம் மங்கலாக, பழுப்பாக இருப்பதே நல்லது.

வெந்தயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஹைதராபாத் நிறுவனத்தார் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் வெந்தயம் சர்க்கரையையும் கொலஸ்ட்ராலையும் குறைத்தது உண்மை. ஆனால் அவர்கள் கொடுத்தது எண்ணெய் நீக்கிய வெந்தயப் பொடி, தினம் 100 கிராம்! நாம் போடும் ஒரு டீஸ்பூனுக்கு அதே பலனை எதிர்பார்க்கக் கூடாது. ஊறவைத்த வெந்தயம் ஒன்றிரண்டு டீஸ்பூன் நல்ல பழக்கம். அவ்வளவுதான். கர்ப்பிணிகள் சமையல் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சித்த மருத்துவன் நான் சொல்கிறேன், மாத்திரையை நிறுத்தாதீர்கள்

இந்தக் கட்டுரையில் நீங்கள் வேறெதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம்.

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள், பக்கவாதம் வந்து மீண்டவர்கள் ஆகியோருக்கு எல்.டி.எல். 70-க்குக் கீழே, சிலருக்கு அதற்கும் கீழே இருக்க வேண்டும். நார்ச்சத்தால் 10, 15 இறங்கும். ஸ்டாட்டின் மாத்திரை 30 முதல் 50 சதவிகிதம் வரை இறக்கும். இரண்டும் ஒரு தராசில் நிற்கிற சரக்கு அல்ல. ‘இங்கிலீஷ் மருந்து சூடு, கிட்னி போயிடும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டுக் கூழ் குடிக்க ஆரம்பித்தால், அது பத்தியம் அல்ல, ஆபத்து. ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையைத் தானாக நிறுத்தினால் உயிருக்கே உலை வைக்கும்.

எலுமிச்சை, இஞ்சி, பூண்டு, ஆப்பிள் சிடர் வினிகர், தேன் என்று ஒரு கலவை செல்போனில் சுற்றி வருகிறதே, ‘பைபாஸ் தேவையில்லை’ என்று. பூண்டும் இஞ்சியும் எங்கள் மருத்துவத்தில் மதிப்புள்ள சரக்குகள். தினச் சாப்பாட்டில் சேருங்கள். ஆனால் வாயில் குடிக்கிற எந்தச் சாறும் குழாய்ச் சுவருக்குள் இறுகிப்போன அடைப்பை ஒரு வாரத்தில் கரைத்ததாக நிரூபணம் கிடையாது. பாளையங்கோட்டையில் எங்களுக்குப் படிப்பித்ததும் இதுதான்: நோயின் நிலை அறிந்து மருந்து கொடு.

நெஞ்சு இறுக்கம், இடது கையில் அல்லது தாடையில் வலி, வியர்த்துக் கொட்டுதல், மூச்சுத் திணறல் இருந்தால் ‘வாய்வுப் பிடிப்பு’ என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். நேரம்தான் அங்கே மருந்து.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

* நேற்று வரை 15 கிராம் சாப்பிட்டவர் இன்றைக்கே 35 கிராமுக்குத் தாவினால் வயிறு உப்பும், வாயு பிரியும். ‘எனக்கு ஒத்துக்கலை’ என்று விட்டுவிடுவார். மூன்று, நான்கு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். முதலில் சுண்டல், அடுத்த வாரம் கீரை, அதற்கடுத்து சிறுதானியம்.

* தண்ணீர் இல்லாமல் நார் மட்டும் கூடினால் மலம் இன்னும் இறுகும். இசப்கோல் எடுப்பவர்கள் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கும் குடல் அடைப்பு வந்தவர்களுக்கும் அது வேண்டாம்.

* தைராய்டு மாத்திரை, இருதய மாத்திரை எடுப்பவர்கள் வெந்தயப் பொடி, இசப்கோல் இவற்றுக்கும் மாத்திரைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றாக விழுங்கினால் மருந்து சரியாக ஏறாது.

* சர்க்கரைக்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்கள் சாப்பாட்டை மாற்றும்போது சர்க்கரையை அடிக்கடி பாருங்கள். தாழ்ந்துவிடக் கூடும்.

* வார்ஃபரின் என்ற ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

* சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கீரை, பயறு, பழம் எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. உங்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பட்டியலைப் பின்பற்ற வேண்டாம்.

இன்னொரு விஷயம். உங்கள் ரிப்போர்ட்டில் ‘டிரைகிளிசரைடு’ மட்டும் எகிறியிருந்தால், நாரைவிட முதலில் பார்க்க வேண்டியது சீனி, மாவுப் பண்டம், மது இந்த மூன்றையும்தான்.

சாப்பாட்டை மாற்றிய மறுவாரமே பரிசோதனைக்கு ஓட வேண்டாம். மூன்று மாதம் விடாமல் செய்யுங்கள். தினம் அரை மணி நடையும் சேரட்டும். புகை, புகையிலை இருந்தால் அதை முதலில் விடுங்கள். அதை வைத்துக்கொண்டு கேப்பைக் களி சாப்பிடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி. பிறகு ரத்தத்தைக் கொடுத்து எல்.டி.எல். பாருங்கள். இறங்கியிருந்தால் சந்தோஷம். தொடருங்கள். போதிய அளவு இறங்கவில்லை என்றால் அது உங்கள் தோல்வி அல்ல. சிலருக்குப் பரம்பரையாகவே கல்லீரலின் கொக்கிகள் குறைவு. அவர்களுக்கு மாத்திரை கண்டிப்பாகத் தேவைப்படும். அப்போதும் கம்பும் பயறும் கீரையும் தட்டில் இருக்கட்டும்.

வீட்டில் ஒருவருக்குக் கொலஸ்ட்ரால் என்றால் அவருக்கு மட்டும் தனிச் சமையல் வேண்டாம். எல்லோருக்கும் அதே சுண்டல், அதே கீரை. குழாய்ச் சுவரில் கொழுப்பு உட்காரத் தொடங்குவது அறுபது வயதில் அல்ல. இருபதிலேயே அதற்கு அடி போட்டாகிவிடுகிறது. உங்கள் பிள்ளையின் தட்டில் இன்றைக்கு ஒரு கரண்டி காயைக் கூட்டி வையுங்கள்.